தேவிப்ரியாவின் கிளிப்பச்சைச் சக்கரங்கள்

கனத்த நெஞ்சங்கள் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமையேற்று, தளர்ந்த முகத்தோடு என் வலப்புறம் அமர்ந்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கத் தலைவர், அன்பு அண்ணன் பாலசுந்தரம் அவர்களே! சித்திரை வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் நாமகிரிப்பேட்டைப் பெரியோர்களே! கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, கலங்கிய கண்களோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்த் தம்பிகளே, தங்கைகளே! மறைந்த மனைவி தேவிப்ரியாவின் படத்துக்கு நேர் எதிரே, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் தம்பி நந்தகுமார் அவர்களே! சேலம் சூரமங்கலத்திலிருந்து வந்திருக்கும் முனீர் உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்கிறேன். உங்கள் எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும் என்று, நான் வளர்ந்த முறைப்படி வாழ்த்தவும் செய்கிறேன்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். ரயில் நிலையம் போகும் சாலையில் கார் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைக்காரன் நான். சீட் கவர் உண்டு, மிதியடி உண்டு, வீல் கப் உண்டு. சரக்கு விற்கிறவனுக்குச் சபையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மாரியம்மன் பண்டிகை மேடை, மீலாது விழா மேடை, பள்ளிக்கூட ஆண்டு விழா மேடை என்று ஏறி ஏறிப் பழகிய நாக்கு என்னுடையது. வீட்டிலிருந்து புறப்படும்போது என் மனைவி ரிஹானா ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்தாள். "மைக்கு கெடச்சா உங்களுக்கு ஊரு உலகம் தெரியாது. அங்க பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு உக்காந்திருப்பாரு. அதை நெனச்சுப் பேசுங்க" என்றாள். அதை நினைத்துத்தான் பேசப் போகிறேன்.

ஏன் வந்தேன்? எதற்காக இந்த மேடையில் நிற்கிறேன்? இந்த ஊரில், இந்த ஊரைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒரு வாசகம் ஓடிக்கொண்டிருக்கிறது. தேநீர்க் கடையில் ஓடுகிறது, பேருந்து நிறுத்தத்தில் ஓடுகிறது, துக்கம் கேட்க வந்த வீட்டு வாசலிலும் வெட்கமில்லாமல் ஓடுகிறது. என்ன வாசகம்? "ஒரு பிளாஸ்டிக் மூடிக்காக உயிர விட்டுட்டா!" சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த இரக்கத்துக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. அலங்காரத்துக்கு ஆசைப்பட்டவள், பகட்டுக்குப் பலியானவள் என்ற பழி இருந்தது. அந்தப் பழி, நான் தங்கச்சி என்று அழைத்த தேவிப்ரியாவின் பெயர்மீது படிந்து கிடக்கிறது. அதைத் துடைக்காமல் இந்த மண்டபத்தை விட்டு நான் இறங்கப் போவதில்லை.

அந்த மூடியை விற்றவன் நான். அவள் அதை ஏன் வாங்கினாள் என்ற உண்மையை நந்தகுமார் என்னிடம் சொன்னார். சபையில் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். அந்தச் சம்மதத்தோடு பேசுகிறேன்.

வீல் கப் என்றால் என்ன? ஓட்டுநர்களுக்கு விளக்க வேண்டாம், தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். காரின் இரும்புச் சக்கரத்துக்குக் கருத்த முகம். அந்தக் கருத்த முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் வட்டம்தான் வீல் கப். வண்டியோடு வருவது ஒன்று, பிடித்த மாதிரி வெளியே வாங்கி மாட்டுவது இன்னொன்று. அளவு பார்க்க வேண்டும், கவ்விப் பிடிக்கும் பின்புறக் கொக்கிகளை அழுத்திப் பார்க்க வேண்டும், காற்றடிக்கும் வால்வு வெளியே வர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்ப்பார்கள். முகம் முழுதும் மூடிய கப்பாக இருந்தால் காற்று சக்கரத்துக்குள் புகுந்து இழுக்காது, சார்ஜ் கொஞ்சம் மிஞ்சும். இவ்வளவுதான் வீல் கப்பின் வேதாந்தம். என்ன தம்பி? பின்னால் கேட்கவில்லையா? மைக்காரரே, கொஞ்சம் ஏற்றி வையுங்கள். பின்வரிசைக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

தேவிப்ரியாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்றிக்கொண்டு, ராசிபுரம் வழியாக, மல்லூர் வழியாகச் சேலம் போவாள். மருத்துவமனையில் விட்டுவிட்டு, பிற்பகலில் மறுபடியும் போய் அவரவர் வீட்டு வாசலில் இறக்குவாள். பழைய டீசல் கார் ஒன்றை வைத்துக்கொண்டு நெடுங்காலம் ஓட்டினாள். அது வரும்போதே தெருவுக்குத் தெரியும். அப்படி ஒரு சத்தம். பிறகு அதைக் கொடுத்துவிட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு மின்சாரக் கார் எடுத்தாள். வெண்ணெய் வழுக்குவது போல ஓடும் வண்டி. சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

அந்தக் காரோடு அவள் என் கடைக்கு வந்த நாளைச் சொல்கிறேன். வீல் கப் வேண்டும் என்றாள். நானும் என் வியாபார வித்தையை எல்லாம் விரித்தேன். வெள்ளி நிறம் காட்டினேன், சாம்பல் நிறம் காட்டினேன், கறுப்பில் வெள்ளிக் கோடு போட்டது காட்டினேன். மற்றவர்கள் கப்பைக் கையில் வாங்கித் தட்டிப் பார்ப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வொரு கப்பாக வாங்கிச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்தாள். கடையின் மறுமுனைக்குப் போனாள். தரையில் குந்தினாள். மோவாய் மார்பில் முட்டும் அளவுக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அங்கிருந்தபடி அந்தக் கப்பைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு எழுந்து வந்து, "இது தெரியலீங்க பாய். வேற குடுங்க" என்றாள். அடுத்ததை வைத்தாள், அதே போல் குந்தினாள், அதே போல் கவிழ்ந்தாள், அதே பதிலைச் சொன்னாள். இத்தனை காலம் கடை நடத்துகிறேன். இப்படிச் சரக்கு பார்த்த ஒருவரை நான் கண்டதில்லை. தலைசுற்றுகிறதா என்று கேட்டுத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். சிரித்தாள். அப்போதுதான் மேலே பரணில் இருந்த ஒரு பெட்டி அவள் கண்ணில் பட்டது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது கிளிப்பச்சை. மொத்த வியாபாரி தவறி அனுப்பிவிட்ட ஒரே ஒரு செட். கிளியே பார்த்தாலும் கொஞ்சம் அதிகம் என்று சொல்லும் பச்சை. இறக்கித் தரையில் வைத்தேன். குந்தினாள், கவிழ்ந்தாள், பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்! "இதுதானுங்க பாய். இதையே மாட்டி உடுங்க" என்றாள். வேண்டாம் தங்கச்சி, ஊரே சிரிக்கும் என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலை அன்றைக்கு நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். "சிரிக்கட்டுமுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

மாட்டிக் கொடுத்தேன். மாட்டும்போது எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். நம் சாலைகளின் குழியும் வேகத்தடையும் வெளியே வாங்கும் கப்புக்கு விரோதிகள். கொக்கியை மட்டும் நம்பக் கூடாது, கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டி போட்டுச் சக்கரத்தின் இரும்பு ரிம்மோடு சேர்த்துக் கட்ட வேண்டும். லொட லொட என்று ஓசை வந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டாள், சொன்னபடியே செய்தும் வந்தாள்.

அதன் பிறகு ஊர் என்ன செய்தது? நான் சொன்னபடியே சிரித்தது. ராசிபுரம் பேருந்து நிலையத்தில் அவள் வண்டி திரும்பினால், கிளி வந்துவிட்டது என்பார்களாம். சார்ஜ் போடும் இடத்தில், சக்கரத்துக்கு மிளகாய்ப்பழம் கொடுத்தாயா என்று கேட்பார்களாம். தலைவர் அண்ணன் இங்கே தலைகுனிந்து சிரிப்பதைப் பார்க்கிறேன். கேலி செய்தவர்களில் அண்ணனும் ஒருவர். அதில் குற்றமில்லை அண்ணே. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தானே! யார் என்ன சொன்னாலும் காலையில் எழுந்து முதலில் அந்தச் சக்கரங்களைத்தான் கழுவுவாள். காரின் முகம் சேறாக இருந்தாலும் சக்கரத்தின் முகம் பளிச்சென்று இருக்கும். செம்மண் படிந்தால் பச்சை மங்கிவிடும் என்று, வழியில் நிறுத்திக்கூடத் துடைப்பாள்.

ஒருவருக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. நந்தகுமார் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆண்டின் பெரும்பகுதி வடமாநிலங்களில் கழியும். பச்சைச் சக்கரத்தைப் படம் பிடித்து யாரோ அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கோபத்தோடு மனைவியை அழைத்து, கழற்றிப் போடு என்றார். அவள் மறுத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, வாக்குவாதம் வளர்ந்தது. நேரில் வாருங்கள், வந்தால் உங்களுக்கே புரியும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அவர் நேரில் வந்தது அவளுடைய உடலைப் பார்க்கத்தான்.

பெருமக்களே, அந்த நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல என் நெஞ்சுக்கு வலுவில்லை. அன்று காலையில் முன்பக்க இடது சக்கரம் பஞ்சர். அவளே சக்கரத்தைக் கழற்றினாள். பஞ்சர் ஒட்டி வாங்கி, அவளே திரும்ப மாட்டினாள். கப்பையும் அழுத்திப் பொருத்தினாள். கட்டுவதற்குக் கேபிள் டை கையில் இல்லை. நோயாளிகளுக்கு நேரம் ஆகிறது என்று புறப்பட்டுவிட்டாள். காலைப் பயணம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் அவர்களை அழைத்து வரத் தனியாகப் போனபோது, மல்லூர் தாண்டிய இடத்தில் அந்தக் கப் கழன்று உருண்டது. ஓரமாக நிறுத்தினாள், இறங்கினாள், பின்னோக்கி நடந்தாள். சாலை நடுவே கிடந்ததை எடுத்துக்கொண்டு திரும்பியபோது லாரி வந்துவிட்டது.

யாரது? லாரிக்காரன் பெயரைச் சொல் என்கிறீர்களா? வேண்டாம் ஐயா. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் லாரியால் சோறு தின்கிறவர்கள். அந்த ஓட்டுநர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்தான் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அவருக்கும் ஒரு தங்கை இருப்பாள். அவரைத் திட்டுவதால் நம் தங்கை திரும்பி வருவாளா? வரமாட்டாள். விட்டுவிடுங்கள்.

ஆனால் ஊர் விடவில்லை. போனால் போகிறது என்று விட்டிருக்கக் கூடாதா? வேறு ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா? நாலில் ஒன்று இல்லாவிட்டால் வண்டி ஓடாதா? ஒரு பிளாஸ்டிக் மூடிக்காகவா? ஒரு பிளாஸ்டிக் மூடிக்காகவா? ஒரு பிளாஸ்டிக் மூடிக்காகவா? பாடையைத் தூக்கும் முன்பே இந்தக் கேள்விகள் புறப்பட்டுவிட்டன. அத்தனையும் நந்தகுமார் காதில் விழுந்தன. காரியம் முடிந்த அன்று அவர் காரின் மீதி மூன்று கப்புகளையும் பிடுங்கி மாட்டுக் கொட்டகையில் வீசினார். காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். அவளை நினைத்து அழக்கூட முடியவில்லை அண்ணா, அவள்மேல் ஆத்திரமாக வந்தது என்று என்னிடம் சொன்னார். செத்துப்போன மனைவியின்மேல் ஆத்திரப்படும் கணவனின் துக்கம் எவ்வளவு கொடிய துக்கம் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்த நாட்களில் டயாலிசிஸ் நோயாளிகள் பேருந்தில் போய் வந்தார்கள். போவதைக்கூடச் சமாளித்துவிடலாம். ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த பிறகு திரும்பி வருவது இருக்கிறதே, அது நரகம். உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் வடிந்துபோயிருக்கும். அவர்களில் ஒருவர் சாலம்மாள் அக்கா. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் களத்தில் மாவு காயவைக்கும் வேலை செய்தவர். இங்கேதான் தாய்மார்கள் நடுவே அமர்ந்திருக்கிறார். தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு நாள் அவருக்குச் சிகிச்சை முடியத் தாமதமாகிவிட்டது. கூட வந்தவர்கள் முந்தைய பேருந்தில் திரும்பிவிட்டார்கள். இதைக் கேள்விப்பட்டு நம் தலைவர் அண்ணன்தான் நந்தகுமாரிடம் போய், விற்பதற்கு முன் இந்த ஒரு தடவை மட்டும் போய் அந்த அம்மாவைக் கூட்டி வா தம்பி என்று கேட்டுக்கொண்டார். வண்டி வரும், படியில் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று மருத்துவமனைக்கும் போன் செய்தார். நந்தகுமாரும் போனார்.

மருத்துவமனை வாசலைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். படிக்கட்டு. படிக்கட்டு முழுக்க, சிகிச்சை முடிந்து வண்டிக்குக் காத்திருக்கும் மனிதர்கள். எதிரே வரிசையாக வெள்ளைக் கார்கள். ஓட்டுநர் இறங்கக் கூடாது, வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. நின்ற வேகத்தில் ஏற்றிக்கொண்டு நகர வேண்டும், இல்லாவிட்டால் காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்துவிடுவார். நந்தகுமார் படிக்கட்டுக்கு எதிரே போய் நின்றார். யாரும் எழுந்து வரவில்லை. விசில் ஊதினார்கள். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வந்து நின்றார். யாரும் வரவில்லை. மறுபடியும் விசில், மறுபடியும் சுற்று. சாலம்மாளின் முகம் அவருக்குத் தெரியாது. சாலம்மாள் கையில் போன் கிடையாது. பொழுது சாய்ந்தது. படிக்கட்டில் கூட்டம் கரைந்து, ஒரே ஒரு பெண் மட்டும், முழங்காலில் நெற்றியைக் கவிழ்த்தபடி, சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி அந்தப் பெண்ணைத் தொட்டு, வண்டி எதிரே நிற்கிறதே, ஏன் போகவில்லை என்று கேட்டாள். தலையை நிமிர்த்தாமலே அவர் சொன்ன பதில், திறந்திருந்த கார்க் கண்ணாடி வழியாக நந்தகுமாரின் காதில் விழுந்தது.

"இல்லீங்க சாமி. பச்சச் சக்கரம் இன்னும் வரலீங்க."

காவலாளியின் விசிலை மதிக்காமல் நந்தகுமார் இறங்கிப் போனார். படியில் அமர்ந்து, எந்தப் பச்சைச் சக்கரம் என்று கேட்டார். கேட்பவர் யாரென்று சாலம்மாளுக்குத் தெரியாது. தேவிப்ரியா இறந்ததும் தெரியாது. பலவீனமான உடம்பு, தாங்காது என்று வீட்டார் மறைத்து, வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். அந்த அம்மா சொன்னார்:

"இது முடிஞ்சு வெளிய வந்தா தலைய நிமித்த முடியாதுங்க. நிமித்துனா கிறுகிறுன்னு வரும், வாந்தி வரும். முந்தி அவ வண்டி சத்தம் போடுமுங்க, சத்தத்த வெச்சுக் கண்டுக்குவேன். புது வண்டி சத்தமே போடறதில்ல. எல்லா வண்டியும் வெள்ள. எது அவ வண்டின்னு தெரியாம பாதி நாள் இங்கயே கெடந்தேனுங்க. அதுக்குத்தான் பச்சச் சக்கரம் போட்டா. 'நீங்க நிமிந்து பாக்க வேண்டாமுங்க அக்கா, குனிஞ்சாப்லயே இருங்க, பச்ச தெரிஞ்சா நாந்தான்'னு சொன்னா."

கேட்டீர்களா பெருமக்களே? தலைகுனிந்தவர்களின் கண்ணுக்கு என்ன தெரியும்? காரின் கூரை தெரியுமா? எண் பலகை தெரியுமா? ஓட்டுகிறவள் முகம் தெரியுமா? தெரியாது. சக்கரம் தெரியும், சக்கரம் மட்டும்தான் தெரியும். என் கடைத் தரையில் குந்திக்கொண்டு அவள் ஏன் தலையைக் கவிழ்த்துப் பார்த்தாள் என்பது புரிகிறதா? தனக்காகப் பார்க்கவில்லை. நோயாளியின் கண்ணை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் எதைத் தேர்ந்தெடுக்க வந்தாள்? அழகையா? அந்தஸ்தையா? சார்ஜையா? எதையும் இல்லை. படியில் சுருண்டு கிடக்கும் ஒருவருக்கு, இதோ உன் வண்டி வந்துவிட்டது என்று சொல்லும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அன்று சாலையில் கழன்று விழுந்தது எந்தச் சக்கரத்தின் கப்? முன்பக்க இடது சக்கரம். வண்டி வந்து நிற்கும்போது படிக்கட்டுக்கு முன் முதலில் வருவது அந்தச் சக்கரம்தான். அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள்? அந்தப் படிக்கட்டுக்குத்தான். விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டவர்களே, உங்களுக்கு அவள் சார்பாகப் பதில் சொல்கிறேன். போயிருக்கலாம். போயிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள். போயிருக்க வேண்டும் என்றுதான் நானும் அழுகிறேன். ஆனால் அவள் இறங்கி நடந்தது பிளாஸ்டிக்குக்காக என்று மட்டும் இனி யாரும் சொல்லாதீர்கள். அவள் சாலம்மாளுக்காக நடந்தாள். கைதட்ட வேண்டாம். தயவுசெய்து கைதட்ட வேண்டாம். இது கைதட்டும் இடமில்லை.

அந்த மாலையில் நந்தகுமார் சாலம்மாளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து ஏற்றினார். தான் யாரென்று சொல்லவில்லை. வீட்டில் இறக்கிவிட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில் தேடினார். சாணமும் வைக்கோலும் ஒட்டிக் கிடந்த மூன்று கப்புகளையும் எடுத்துக் கழுவினார். மறுநாள் என் கடைக்கு வந்து, உடைந்த கொக்கிகளை மாற்றித் தரச் சொன்னார். மாற்றும்போதுதான் இத்தனையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கடை வாசலில் நின்று, "நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பாளுங்க அண்ணா. ஏன்னு ஒரு வார்த்த நான் கேக்கவே இல்லீங்க" என்றார். அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கொக்கி மாற்றிய கப்புகளைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

நாலாவது கப் அவள் கையிலேயே நொறுங்கிப் போயிருந்தது. அந்தப் பச்சையில் என்னிடம் வேறு இல்லை. வெள்ளைக் கப் ஒன்றுக்கு அதே வண்ணம் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். மீதி மூன்றையும் இடம் மாற்றி மாட்டினார். படிக்கட்டுப் பக்கம் வரும் இரண்டு சக்கரத்துக்கும் பச்சை. கப் இல்லாத கருத்த சக்கரத்தை, ஓட்டுகிறவர் உட்காரும் வலது பக்கம் வைத்துக்கொண்டார். வெளியே மண்டப வாசலில் அந்தக் கார் நிற்கிறது. போகும்போது பாருங்கள், ஆனால் யாரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அடுத்த சிகிச்சை நாள். காலையில் வழக்கம்போல் பேருந்தில் போயிருந்தார் சாலம்மாள். பிற்பகலில் நந்தகுமார் போனார். படிக்கட்டின் முன் கார் நின்றது. சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. முழங்காலில் முகம் புதைத்திருந்த சாலம்மாள் பச்சையைப் பார்த்தார். எழுந்தார். யார் துணையும் இல்லாமல், தரையையே பார்த்தபடி நடந்து வந்தார். தானாகக் கதவைத் திறந்து பின் இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்ததும், முன்னால் இருப்பது தேவிப்ரியா என்று எண்ணிக்கொண்டு, குனிந்த தலையோடு கேட்டார்:

"எங்க கண்ணு போயிட்ட இத்தன நாளா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

நந்தகுமார் வண்டியை எடுத்தார். வளைவு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். எல்லோரும் சொன்ன பொய்தானே! ஆனால் தேவிப்ரியாவுக்காகக் காத்திருந்த ஒருவரிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அவ இனி வரமாட்டாளுங்க அக்கா. ரோட்டுல போயிட்டா. நான் அவ ஊட்டுக்காரன்" என்றார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மனைவி இறந்த பிறகு முதன்முதலாக, ஆத்திரம் இல்லாமல் அழுதார்.

சாலம்மாள் என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்தால் கிறுகிறுக்கும், நிமிர்ந்தால் வாந்தி வரும் என்று சொன்னாரே, அந்த அம்மா தலையை நிமிர்த்தினார். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எட்டி, அழுகிறவரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். உடம்பு ஆடியது. கண் இருண்டது. பார்வையை எடுக்கவில்லை. தானும் அழுதுகொண்டே அவரிடம் ஒன்று கேட்டார்.

"சோறு தின்னீங்களா சாமி?"

பெருமக்களே, அவள் இறந்த நாள் முதல் எத்தனையோ பேர் நந்தகுமாரிடம் எத்தனையோ கேட்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டார்கள், வழக்கு என்னவாயிற்று என்று கேட்டார்கள், மூடிக்காகவா என்று கேட்டார்கள். சோறு தின்றாயா என்று கேட்ட முதல் ஆள் இந்த அம்மாதான் என்று அவர் என்னிடம் சொன்னார். அவரிடம் கேட்பதற்கு நமக்கும் அந்த ஒரு கேள்விதான் பாக்கி இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவரவர் வாயால் போய்க் கேளுங்கள். மற்றக் கேள்விகளை எல்லாம் இந்த மண்டபத்திலேயே போட்டுவிட்டுப் போங்கள்.

பேச அழைத்த தலைவர் அண்ணனுக்கும், சம்மதம் தந்த தம்பி நந்தகுமாருக்கும், தன் கதையைச் சபையில் சொல்ல விட்ட சாலம்மாள் அக்காவுக்கும், இத்தனை நேரம் இருக்கையை விட்டு அசையாத உங்களுக்கும் என் நன்றி. தேவிப்ரியாவின் படத்துக்கு முன் தலைவணங்கி இறங்குகிறேன். வணக்கம்.